ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு

மன்னார்குடி
10.11.2024

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே நலம். நாலு நாளாக விட்டுவிட்டு மழை, கொல்லைப்புறம் முழுக்கச் சேறு. உன் அம்மாவின் முட்டிவலி தேவலையா? தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போகச் சொல், அக்கா சொன்னால் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது நான் ஒன்றும் பேசவில்லை என்று உனக்குக் கோபம். பேசியிருந்தால் நீ பாதியில் குறுக்கே வந்திருப்பாய், நானும் பாதியை மறந்திருப்பேன். முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை இது. எழுதினால்தான் எனக்கு யோசனை ஒழுங்காக வரும்.

நீ சொன்னதையெல்லாம் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். முகிலனை வகுப்பில் "டியூப்லைட்" என்று கூப்பிடுகிறார்கள். இன்டர்வெல்லில் "மிஸ் கூப்பிடறாங்கடா" என்று யாராவது சொன்னால் ஸ்டாஃப் ரூம் வரை ஓடுகிறான். திரும்பி வருவதற்குள் அவன் ஸ்நாக்ஸ் டப்பா காலி. ஒருநாள் இருநாள் இல்லை, பள்ளி திறந்ததிலிருந்தே இப்படித்தான். வீட்டுக்கு வந்து, "நான் டியூப்லைட்டும்மா, பளிச்சுன்னு எரிவேன்" என்று சிரிக்கிறான். அவன் சிரித்ததில்தான் நீ அழுதுவிட்டாய். மாப்பிள்ளை "திருப்பி ஒண்ணு வைடா" என்கிறார். நீ மூன்று பிள்ளைகள் பெயரை எழுதிப் பிரின்சிபாலுக்குப் புகார்க் கடிதம் தயாராக வைத்திருக்கிறாய்.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜை டிராயரில் வை. முதலில் இதைப் படி.

தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது நான் பார்த்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீயும் உன் அம்மாவும் அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கூடத்தில் இருந்தேன். முகிலன் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, "கூப்பிட்டீங்களா பெரிய அம்மாச்சி?" என்றான். இல்லையே என்றேன். மேலே போனான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வந்தான், அதே கேள்வி. மூன்றாம் தடவை வந்தபோது முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை, மூச்சுத்தான் இரைத்தது. அவன் பின்னாலேயே ஏறிப் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் பங்கு மத்தாப்புப் பெட்டி யாழினி கையில் இருந்தது.

ஆமாம், நம் யாழினிதான். அவனோடு இரட்டையாகப் பிறந்தவள்தான்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு வைத்தேன். அலமாரியிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். துணி சுற்றிவைத்திருந்ததால் உள்ளே தெரியாது. இரண்டு பேருமே "ஹார்லிக்ஸ்" என்றார்கள். திறந்து காட்டினேன், உளுத்தம்பருப்பு. மூடிவிட்டு, "அப்பா இன்னும் இதைப் பார்க்கலை. அவர்கிட்ட கேட்டா உள்ளே என்ன இருக்குன்னு சொல்வார்?" என்றேன். யாழினி கண்ணைச் சிமிட்டி, "ஹார்லிக்ஸ்னு ஏமாந்துபோவார்" என்றாள். முகிலன் யோசிக்கவே இல்லை, "பருப்பு" என்றான். தனக்குத் தெரிந்தது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்பது அவன் கணக்கு.

இந்த விளையாட்டு நான் கண்டுபிடித்ததில்லை. பி.எட். கல்லூரியில் உளவியல் நடத்தும் என் பழைய மாணவி ஒருத்தி, நான் ஓய்வுபெற்ற பிறகு படிக்கக் கொடுத்த தாள்களில் இருந்தது. 1983-ல் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்று இரண்டு பேர் ஆஸ்திரியாவில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? பழைய இடத்தில் என்று சொல்ல, மாக்ஸியின் மனதுக்குள் போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. 4 முதல் 6 வயதுவரை 57 சதவீதம் பேர் சொன்னார்கள். 6 முதல் 9 வயதுவரை 86 சதவீதம். ஹார்லிக்ஸ் பாட்டில் விளையாட்டும் அந்தப் பெர்னர் கூட்டாளிகளோடு 1987-ல் செய்ததன் நம்மூர் நகல்தான். அங்கே மிட்டாய்க் குழாய்க்குள் பென்சில், இங்கே ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பருப்பு.

57 சதவீதம் என்பதைக் கவனி. முகிலனுக்கு ஐந்தரை வயது. அந்த வயதில் இது பிடிபடாத பிள்ளைகள் நிறையப் பேர். சில பிள்ளைக்குப் பல் சீக்கிரம் முளைக்கும், சிலதுக்குத் தாமதமாகும். இதுவும் அப்படித்தான். நீ உடனே கூகுளில் தேடி ஆட்டிசம் என்று பயந்துகொள்ளாதே. 1985-ல் லண்டனில் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளுக்கு இதுபோன்ற சோதனையை வைத்தார்கள். 16 பேர் தவறவிட்டார்கள், 4 பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு பருப்பு பாட்டிலை வைத்து எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்த முடியாது. முகிலன் கூப்பிட்டால் திரும்புகிறான், பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறான், கதை கேட்டால் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான். இருந்தாலும் உன் மனசு அடங்கவில்லையென்றால் குழந்தைகள் டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் பிள்ளை தாமதமாகக் கற்கிற அந்தக் காலத்தில் மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பதில்லையே. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1994, 95-ல் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளை ஐந்து வயதிலிருந்து தொடர்ந்து கவனித்துவந்தார்கள். உன் வீட்டைப் போலவே எல்லாம் இரட்டைகள். ஐந்து வயதில் அடுத்தவர் மனசு எவ்வளவு புரிகிறது என்று பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயதில் யார் சீண்டப்பட்டார்கள், யார் சீண்டினார்கள் என்று விசாரித்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. ஐந்து வயதில் புரிதல் குறைவாக இருந்தவர்கள், பின்னால் சீண்டலில் மாட்டிக்கொள்வது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பிள்ளையின் புத்திக்கூர்மை, வீட்டில் பட்ட கொடுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இரண்டு தரப்பாரிடம் அந்தத் தொடர்பு நின்றது. ஒன்று, சீண்டப்பட்டவர்கள். மற்றது, சீண்டப்பட்டு, தாங்களும் சீண்டியவர்கள். இந்த இரண்டாம் தரப்பில்தான் அது மிகவும் அதிகம். வெறுமனே சீண்டுகிறவர்களிடம் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

தொடர்பு என்றால் தலையெழுத்து இல்லை, கயல். ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற சாய்வு அது, முகிலனுக்கு எழுதிவைத்த ஜாதகம் அல்ல. ஆனால் ஏன் அப்படி என்பது வகுப்பில் நின்றவர்களுக்குப் புரியும். கூடச் சிரிப்பதற்கும் பார்த்துச் சிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும். போனதை வீட்டில் குறையாகச் சொல்லவும் தெரியாது, அதற்கே அது குறை என்று தெரியாதபோது எப்படிச் சொல்லும்? ஒருநாள் புரிந்துவிடும். அன்றைக்கு யார் வேண்டுமென்று செய்தார்கள், யார் தெரியாமல் இடித்தார்கள் என்று பிரிக்கத் தெரியாமல் எல்லோரையும் சேர்த்து அடிக்கும். மாப்பிள்ளையின் "திருப்பி ஒண்ணு வை" முகிலனை எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்த்துக்கொள். அடித்தவன் மட்டும்தான் மிஸ் கண்ணில் படுவான்.

இதை எனக்கு எந்தத் தாளும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987-ல் நான் இரண்டாம் வகுப்பு எடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு பையன் தினம் யாரையாவது அடிப்பான். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை உடைப்பான். நான் அவனைப் பிரம்பால் அடித்திருக்கிறேன், ஒருதரம் அல்ல. அதே வகுப்பில் சட்டாம்பிள்ளை ஒருவன் இருந்தான். நான் சாக்பீஸ் என்று நினைப்பதற்குள் கையில் கொண்டுவந்து நீட்டுவான். அவ்வளவு சூட்டிகை. அவனைப் போல் பத்துப் பிள்ளைகள் இருந்தால் போதும் என்று நானே சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இருபது வருஷம் கழித்து அடிவாங்கின அந்தப் பையன் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: காலையில் பிரேயர் முடிவதற்குள் சட்டாம்பிள்ளை இவன் பல்பத்தை எடுத்து ஒளித்துவைப்பானாம். இவன் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுவானாம். நான் பலகை பக்கம் திரும்பியதும் காதில் ஒரே ஒரு சொல் சொல்வானாம். "டீச்சர், அவனுக்கு நீங்க என்ன நினைப்பீங்கன்னும் தெரியும், நான் எப்ப கை ஓங்குவேன்னும் தெரியும்" என்றான். அந்த டீ எனக்கு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க டீச்சர்" என்றான். அவன் விட்டுவிட்டான். என்னால்தான் இன்னும் விட முடியவில்லை.

சீண்டுகிற பிள்ளை என்றால் முரடு, அடுத்தவர் வலி புரியாத ஜென்மம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். 1999-ல் சட்டன், ஸ்மித், ஸ்வெட்டன்ஹாம் என்ற மூவர் இங்கிலாந்தில் 7 முதல் 10 வயதுவரை 193 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். கதைகள் சொல்லி, அதில் வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சீண்டுகிற பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளைவிடவும், சீண்டப்படுகிற பிள்ளைகளைவிடவும் நன்றாகப் பதில் சொன்னார்கள். அடுத்தவர் மனசு புரிவது வேறு, அதைப் பார்த்து இரங்குவது வேறு. அரிவாள்மனை கூர்மையாக இருந்தால் காய் நன்றாக அறுபடும், விரலும் அறுபடும்.

"மிஸ் கூப்பிடறாங்க" என்பதை மறுபடி யோசித்துப் பார். முகிலனுக்கு அது பொய் என்று தெரியாது, நான் சொன்னால் நம்புவான், நம்பினால் ஓடுவான், ஓடினால் டப்பா நம் கையில் என்று நான்கு படி யோசிக்கிற பிள்ளைக்குத்தான் அந்தப் பொய் வரும். மாடியில் அதுபோன்ற பொய்யைச் சொன்னவள் யாழினி. பள்ளியில் அவளும் படிக்கிற அதே வகுப்பில், அதே பொய், அதே பலனோடு நடக்கிறது. உன் புகாரில் எழுதிய மூன்று பெயர்களும் அதைக் கற்றுக்கொண்டவர்களாக இருக்கலாம். கற்றுக்கொடுத்தது யார் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன், நான் அங்கே இல்லை. நீ யாழினியைக் கேள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "டியூப்லைட்" என்ற பெயரை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்துக் கதையில் இல்லை. போன சித்திரையில் உங்கள் வீட்டில். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்து மாப்பிள்ளைதான் சொன்னார். செல்லமாகத்தான் சொன்னார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சிரிக்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யாழினி. எந்தச் சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று அவள் அன்று குறித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையிடம் இதைச் சண்டைக்காகச் சொல்லாதே. என் பங்கையும் சேர்த்தே சொல்.

யாழினியை இதற்காக அடித்துவிடாதே, குற்றவாளி மாதிரி நிற்க வைக்காதே. அவளுக்கும் ஐந்தரை வயதுதான். பள்ளிச் சீண்டலை முதல்முதலாக முறையாக ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. அவள் செய்வதில் மூன்றும் தலைகாட்டுகின்றன, இன்னும் வேர்பிடிக்கவில்லை. வலிக்கும் என்று தெரிந்தே செய்கிறாளா, சாமர்த்தியத்தில் மயங்கிச் செய்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது என்ன செய்யலாம் என்கிறாயா?

முகிலனோடு பேசு. பாடம் எடுக்காதே, பேசு. ஜூடி டன் என்ற அம்மாள் 1991-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 33 மாதத்தில் வீட்டில் "ஏன் அழுதான், எதனால் கோபம்" என்று பேச்சு அதிகம் நடந்த பிள்ளைகள், ஏழு மாதம் கழித்து அடுத்தவர் மனசை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதற்குத் தனிப் பொம்மையோ வகுப்போ வேண்டாம். தூங்கும்போது பாட்டி வடை சுட்ட கதையைச் சொல். "நரி பாடச் சொன்னதே, பாட்டுக் கேட்கவா? காக்காய் என்ன நினைத்துக்கொண்டது?" என்று நிறுத்திக் கேள். கிணற்றில் தன் நிழலைப் பார்த்த சிங்கம் என்ன நினைத்தது, முயலுக்கு என்ன தெரியும் என்று கேள். அவன் தப்பாகச் சொன்னால் திருத்தாதே, இன்னொரு நாள் கேள். கண்ணாமூச்சி ஆடுங்கள். அவன் ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டு, "நான் இங்க இல்லை" என்று கத்துகிறானே, அது மாறுகிற நாளில் பாதிக் கவலை தீர்ந்தது. "யாராவது மிஸ் கூப்பிடறாங்கன்னு சொன்னா, டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டுப் போ" என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிக்கொடு. மனசு புரிகிறவரை டப்பாவாவது மிஞ்சட்டும்.

யாழினியிடம் வேறு பேச்சு. "முகிலன் ஏமாறுவான்னு உனக்குத் தெரியும். அவன் ஓடிப்போய் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிற்கும்போது மிஸ் என்ன கேட்பாங்க, அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேள். அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்ல வை. பிறகு அவளுக்கு ஒரு வேலை கொடு. கனடாவில் டொரான்டோ பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்ததை 2001-ல் வெளியிட்டார்கள். சீண்டல் நடக்கும்போது பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது தடவைதான் யாராவது குறுக்கே போனார்கள். போனபோது பாதிக்கு மேல், பத்தே வினாடியில் நின்றுபோனது. பத்து வினாடி! "டேய், அவன் டப்பாவைக் குடு" என்று சொல்லி முடிக்கிற நேரம். அந்த வகுப்பில் அதைச் சொன்னால் எடுபடுகிற வாய் அவளுடையதுதான்.

பள்ளிக்கு எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பிரின்சிபாலுக்கு முன் வகுப்பு மிஸ்ஸைப் பார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் படும் பாடு எனக்குத் தெரியும், ஆனால் இன்டர்வெல்லில் யாராவது பெரியவர் வராந்தாவில் நிற்க வேண்டும் என்று உறுதியாகக் கேள். ஓல்வேயஸ் 1983-லிருந்து நார்வேயின் பெர்கன் நகரப் பள்ளிகளில் செய்த வேலையில், இடைவேளையில் பெரியவர்கள் கண் வைத்திருப்பதும் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதி பேசுவதும் முக்கியமானவை. மூன்று பிள்ளைகள் பெயரைக் கொடுக்காதே. கொடுத்தால் நாளைக்கு அந்த மூன்று பேரின் அம்மாக்களும் உன்னைப் போலவே ராத்திரி அழுவார்கள். என்ன நடக்கிறது, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைக் கொடு. உன் மகள் பெயரையும் நீயே சொல். கஷ்டம்தான். ஆனால் அதைச் சொன்னால், மிஸ் நீ சொல்கிற மற்றதையும் நம்புவாள்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது. இதே வீட்டு வாசலில் நீங்கள் பேரப்பிள்ளைகள் எட்டு பேர் ஓடிப்பிடித்து ஆடுவீர்கள். நீதான் கடைசி. ஓடத் தெரியாது, பிடிக்கத் தெரியாது, விதி ஒன்றும் புரியாது. உன்னைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஒப்புக்குச் சப்பாணி. சொல் நல்ல சொல்லாக இல்லைதான், இன்றைக்கு அதைச் சொல்லக் கூசுகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பெரியவர்கள் யாரும் செய்யவில்லை, பிள்ளைகளே செய்துகொண்டது. புரியாத பிள்ளையையும் ஆட்டத்தில் வைத்துக்கொள்வது என்று ஒரு விதி. உன் பெரியண்ணன் உன் கையைப் பிடித்துக்கொண்டே ஓடுவான், அதனால் அவனும் அடிக்கடி அவுட் ஆவான். அப்படி ஓடி ஓடித்தான் நீ ஆட்டம் கற்றுக்கொண்டாய். அடுத்த வருஷம் எல்லோரையும் நீதான் பிடித்தாய்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளைகளை அழைத்து வா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். நானும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பருப்பு பாட்டிலை அப்படியே வைத்திருக்கிறேன், முகிலனிடம் மறுபடி கேட்க வேண்டும்.

அதுவரை வீட்டில் யாரும் அவனை "டியூப்லைட்" என்று கூப்பிட வேண்டாம். அவனுக்கு நாம் வைத்த பெயர் முகிலன்.

மற்றவை நேரில்.

அன்புடன்,
பெரியம்மா